மேலே காய்ந்த மண், அடியில் ஏறிய நீர்: ஒரு நாற்றங்காலின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சிறிய நாற்றங்காலில் ஒரு பருவம் முழுக்க நடந்ததன் பதிவு இது. இரண்டு பேர் பார்த்துக்கொள்ளும் இடம். பொறுப்பில் இருப்பவர் பல வருடமாகச் செடிகளோடு புழங்கிய ஒரு பெண்மணி; உடன் நிற்பவர் வேலைக்குப் புதிய ஓர் இளைஞர். ஒருவரையொருவர் அக்கா, தம்பி என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நாற்று ஏன் சாகிறது என்று பார்த்துச் சொல்லத்தான் என்னை அழைத்தார்கள். அதன்பிறகு பருவம் முடியும்வரை போய்வந்து குறிப்பெடுத்தேன்.

தக்காளி, மிளகாய், கத்தரி, லெட்டூஸ், பெட்டூனியா ஆகியவை 98 குழி கொண்ட குழித்தட்டுகளில் வளர்ந்தன. ஒரு பக்க அலமாரியில் தொட்டிச் செடிகள்: ஆப்பிரிக்க வயலட், சைக்ளமன், பெரணி, இன்னும் சில. நாற்றுக்கான கலவையில் பீட்டும் (சதுப்பு நிலப் பாசி மக்கியது) தேங்காய் நார்க்கழிவும் சரிபாதி, கூடவே கொஞ்சம் பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல்துகள்). தண்ணீர் எப்போதும் பூவாளியில்தான். தினமும் காலையில் எல்லாத் தட்டுக்கும் ஒரு சுற்று. வெயில் கூடினால் மாலையில் இன்னொரு சுற்று.

முதலில் கண்டவை

முளைத்து வித்திலை விரிந்த நாற்றுகள் கூட்டமாகச் சாய்ந்திருந்தன. விழுந்த தக்காளி நாற்று ஒன்றை எடுத்துப் பார்த்தால் வித்திலை இரண்டும் நல்ல பச்சை, வாட்டமே இல்லை. மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நீர் கோத்து, பழுப்பேறி, நூலாக இளைத்திருந்தது. விரலால் லேசாகத் தொட்டதும் அங்கேயே ஒடிந்தது. நாற்றழுகலுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். மோசமான தட்டுகளில் கால்வாசிக் குழிகள் காலியாகிவிட்டன. விதையோடு டிரைக்கோடெர்மா என்ற, நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணத்தைக் கலந்துதான் விதைத்திருந்தார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் சொதசொதவென்று கிடக்கும் மண்ணில் அது மட்டும் கைகொடுக்காது.

பெட்டூனியாவின் கதை வேறு. அதன் விதை தூசி மாதிரி. ஒரு கிராமில் ஏறக்குறைய 10,000 இருக்கும். முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மண்ணால் மூடாமல் மேலேயே தூவ வேண்டும். பூவாளியின் முதல் சுற்றிலேயே விதைகள் மிதந்து குழியின் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டன. சில குழிகளில் ஒன்றும் இல்லை, சிலவற்றில் ஒரே மூலையில் கொத்தாக முளைத்திருந்தது.

எல்லாத் தட்டுகளின் மேல்பரப்பிலும் பச்சைப் பாசி படிந்திருந்தது. தட்டை அசைத்தால் சின்னக் கறுப்பு ஈக்கள் எழும்பின. பிராடிசியா இனத்து ஈ அது. ஈரமான மேல்மண்ணில் முட்டையிடும். அதன் புழு பூஞ்சாணத்தையும் இளம் வேரையும் தின்னும்.

அக்காவின் கணக்குப்படி இது தண்ணீர் குறைந்ததால் வந்த வினை. "மதியம் பாருங்க, ஓரத்துல இருக்குறதெல்லாம் துவண்டு நிக்குது. இன்னும் ஊத்தணும்" என்றார். துவண்டது உண்மைதான். அதனால் ஓரத்துக் குழி ஒன்றிலும் நடுக்குழி ஒன்றிலும் இருந்த நாற்றை வேர் பற்றிய மண்கட்டியோடு உருவி, நெடுக்குவாட்டில் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நடுக்குழிக் கட்டி மேலிருந்து கீழ்வரை கறுத்து, அழுத்தினால் நீர் சொட்டியது. ஓரக்குழிக் கட்டியில் மேலே அரை விரல் அளவு ஈரம், அடியில் கொஞ்சம் ஈரம். நடுவில் வெளுத்த பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஒரே தட்டு, ஒரே பூவாளி, ஒரே காலை. ஒன்று மூழ்கிக்கொண்டிருந்தது, இன்னொன்று தாகத்தில் இருந்தது.

காரணம் என்று முடிவுசெய்தவை

பீட் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரைத் தள்ளும். ஊற்றிய நீர் கட்டிக்கும் குழிச்சுவருக்கும் இடையே விட்டுப்போன இடுக்கில் ஓடி, அடித்துளை வழியே வெளியேறிவிடும். மேலேயிருந்து பார்ப்பவருக்கு மண் நனைந்த மாதிரிதான் தெரியும். ஓரக்குழிகள் காற்றும் வெயிலும் பட்டு முதலில் காய்ந்தன. அவை துவண்டதைப் பார்த்து எல்லாத் தட்டுக்கும் நீர் கூட்டினார்கள், ஏற்கெனவே நனைந்திருந்த நடுக்குழிகள் அதைத் தாங்கவில்லை.

குழித்தட்டின் ஆழமும் இதில் சேர்ந்துகொள்கிறது. எந்தக் கலவையிலும் நீர் வடிந்த பிறகு அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு முழு ஈரம் நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் நுண்துளை அளவு. தொட்டி எவ்வளவு உயரம் என்பதற்கு அதில் பங்கில்லை. ஆழமான தொட்டியில் அந்த ஈர அடுக்குக்கு மேலே வேருக்குக் காற்றோட்டமான இடம் நிறைய மிஞ்சும். நாலைந்து சென்டிமீட்டர் ஆழக் குழியில் அந்த அடுக்கே பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். (தொட்டியின் அடியில் சரளைக்கல் போட்டால் நீர் வடியும் என்று இன்றும் சொல்கிறார்கள். கல் போட்டால் ஈர அடுக்கு அந்தக் கல்லுக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கு இடம் குறையும், அவ்வளவுதான்.)

நாற்றழுகலை உண்டாக்குவது பித்தியமா ரைசோக்டோனியாவா (இரண்டும் மண்ணில் வாழும் நோய்க்கிருமிகள்) என்ற கேள்வி இந்தக் கட்டத்தில் முடிவை மாற்றப்போவதில்லை. தண்டின் கழுத்தில் ஓயாத ஈரம் இரண்டுக்குமே வாசல் திறந்துவிடும். பாசிக்கும் ஈக்கும் அதே ஈரம்தான் வாழ்வு. ஆகவே செய்ய வேண்டியவை இரண்டு: மேல்மண் காய இடம் கொடுப்பது, கட்டி முழுக்க ஒரே சீராக நனைவது.

எடுத்த முடிவு

அடியிலிருந்து நீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று முன்வைத்தேன். அகலமான, ஆழம் குறைந்த தொட்டியில் 2 சென்டிமீட்டர் அளவுக்கு நீர் நிரப்பி, குழித்தட்டை அதில் இறக்கி வைப்பது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல கலவையின் நுண்துளைகள் நீரை மேலே இழுக்கும். மேல்பரப்பு அங்கங்கே கறுக்கத் தொடங்கியதும் தட்டைத் தூக்கி, சாய்த்து வடியவிட்டு, அதன் இடத்தில் வைத்துவிட வேண்டும்.

அக்கா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கேள்வி நியாயமானது: "மேல மண்ணு காஞ்சு கிடந்தா விதை எப்படி முளைக்கும்?" முளைக்காதுதான். மேலோட்டமாகத் தூவும் விதைக்கு முதல் நாட்களில் மேல்பரப்பு காயவே கூடாது. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்தோம். விதைக்கும் முன்பே தட்டை அடியிலிருந்து முழுக்க நனைத்துவிடுவது; விதைத்த பிறகு ஒளி புகும் மூடியால் மூடுவது; மேலே காய்ந்தால் கைத்தெளிப்பானில் பனிபோல ஒரு பூச்சு, அவ்வளவே. பாதிக்கு மேல் முளைத்ததும் மூடி எடுக்கப்படும். அப்புறம் அடிநீர் மட்டும்.

எப்போது கொடுப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். மேல்மண்ணின் நிறத்தைப் பார்த்து நீர் விடுவது அக்காவின் கைப்பழக்கம். அடிநீர் முறையில் அந்த அடையாளம் ஏமாற்றும். மேலே வெளுத்திருக்கும்போதும் கீழே போதுமான ஈரம் இருக்கும். "அக்கா, கண்ணால பாக்காதீங்க, தூக்கிப் பாருங்க" என்றார் தம்பி. அந்த யோசனை அவருடையது. முழுக்க நனைந்து வடிந்த தட்டைத் தராசில் வைத்தோம். அதே தட்டை நாற்று துவளும் நிலைக்குக் கொஞ்சம் முன்பு மறுபடி வைத்தோம். வித்தியாசம் ஏறக்குறைய ஒரு கிலோ, அதாவது ஒரு லிட்டர் நீர். அந்த ஒரு கிலோவில் பாதி குறைந்ததும் நீர் காட்டுவது என்று வைத்துக்கொண்டோம். முழுக்கக் காயும்வரை காத்திருக்காததற்குக் காரணம் உண்டு. பாதி ஈரமுள்ள தட்டு கால் மணி நேரத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள் நனைந்துவிடும். எலும்பாகக் காய்ந்த பீட் ஒரு மணி நேரமானாலும் நடுவில் வெளுப்பாகவே நிற்கும். சில நாளிலேயே இருவருக்கும் கை பழகிவிட்டது, தராசு மூலைக்குப் போனது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில தட்டுகளைப் பூவாளியிலேயே விட்டோம். அவற்றுக்கும் அதே எடை விதிதான். தினசரிச் சுற்று கிடையாது. இது பின்னால் பெரிய உதவியாக இருந்தது.

முதல் சில வாரங்கள்

பெட்டூனியாவில் மாற்றம் உடனே தெரிந்தது. விதை தூவிய இடத்திலேயே முளைத்தது. லெட்டூஸும் அப்படியே. தக்காளி, மிளகாய்த் தட்டுகளில் புதிதாகச் சாய்வது வெகுவாகக் குறைந்தது. ஓரக்குழியும் நடுக்குழியும் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருந்தன. பிளந்து பார்த்து உறுதிசெய்தோம். இலையில் நீர் தங்காததால் மண் தெறித்த கறையும் இல்லை.

ஈ மட்டும் குறையவில்லை. மஞ்சள் ஒட்டுப்பொறியில் முன்பு போலவே அப்பிக்கொண்டிருந்தது. அக்கா இதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினார், முறையையே கைவிடலாம் என்ற பேச்சும் வந்தது. முட்டையிலிருந்து ஈயாக வெளிவர அதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். மேல்மண் இன்று காய்ந்தாலும், நேற்றுவரை இட்ட முட்டைகள் தங்கள் கணக்கை முடித்துத்தான் ஓயும். அந்த நாட்களைத் தாண்டியதும் பொறியில் ஒட்டுவது படிப்படியாகக் குறைந்தது. ஒரு தட்டு வரிசையில் மட்டும் குறையவே இல்லை. போய்ப் பார்த்தால், அங்கே நனைந்த தட்டை எடுக்காமல் வெகுநேரம் விட்டிருந்தார்கள். மேல்பரப்பு பளபளவென்று ஈரமாக இருந்தது. அடியிலிருந்து வந்தாலும் மேலேயிருந்து வந்தாலும் ஈர மேல்மண் ஈக்கு ஒன்றுதான்.

அந்த வரிசையைச் சாதாரணமாகக் கடந்துபோனோம். அடுத்து வந்த சிக்கலின் முதல் அறிகுறி அதுதான்.

இரண்டாவது சரிவு

வேலை நெருக்கிய நாளொன்றில், பல தட்டுகளை ஒரே பெரிய தொட்டியில் வரிசையாக இறக்கிவிட்டு தம்பி வேறு வேலைக்குப் போனார். தட்டுகள் இரவு முழுக்க நீரிலேயே நின்றன. மறுநாள் எடுத்து வைத்தார்கள். பார்க்க ஒன்றும் தெரியவில்லை. அதே தொட்டி நீரிலேயே அடுத்தடுத்த நாட்களில் மற்ற தட்டுகளையும் நனைத்தார்கள். நல்ல தண்ணீரை ஏன் கொட்டுவது என்ற சிக்கனம்தான்.

சில நாளில் கத்தரி நாற்றுகள் மண் ஈரமாக இருக்கும்போதே துவண்டன. அடியிலைகள் மஞ்சளாயின. உருவிப் பார்த்தபோது வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாக இருந்தது. ஒரு வேரை இரண்டு விரலுக்கு இடையே வைத்து மெல்ல இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று விரலோடு வந்தது, உள்ளே மெல்லிய வெள்ளை நூல் மட்டும் செடியில் தொங்கியது. பித்தியம் வேரைத் தாக்கும்போது காணும் தோற்றம் இது. அது பரவிய விதமும் அதையே சொன்னது. ரைசோக்டோனியா மண்ணில் இழையாகப் படர்ந்து பக்கத்துக் குழிக்குப் போகும். தட்டில் வட்டத் திட்டாகத் தெரியும். இங்கே திட்டு இல்லை. ஒரே தொட்டியைப் பகிர்ந்த தட்டுகள் எல்லாவற்றிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பாதிப்பு. தனித் தொட்டியில் நனைத்தவை சுத்தமாக இருந்தன. பித்தியம் உண்மையில் பூஞ்சாணம் அல்ல, நீர்ப்பூசண வகையைச் சேர்ந்தது. அதன் நீந்தும் வித்துகள் தண்ணீரில் தாமாகவே நகரும். பல தட்டுகள் ஒரே நீரில் நிற்பது அதற்கு நாமே போட்டுக்கொடுத்த பாதை.

இரவு முழுக்க நின்றது வேரையும் தளர்த்திவிட்டிருந்தது. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். துளைகளெல்லாம் நீரால் அடைபட்டால் வேர் மூச்சு முட்டும்; மூச்சு முட்டிய வேர் நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும்.

அக்கா தம்பியைக் கடிந்துகொள்ளவில்லை. "மறந்துட்டான்னு சொல்லி என்ன பண்ண? மறக்க முடியாத மாதிரி வழி பண்ணணும்" என்றார். செய்த மாற்றங்கள்:

நோய் கண்ட தட்டுகளைக் கலவையோடு அப்புறப்படுத்தினோம். அந்தக் கலவையை வேறெதற்கும் பயன்படுத்தவில்லை. தொட்டிகளையும் காலித் தட்டுகளையும் முதலில் மண் போகத் தேய்த்துக் கழுவினார்கள். மண் ஒட்டியிருந்தால் பிளீச்சின் வீரியம் அதிலேயே செலவாகிவிடும். பிறகு வீட்டு உபயோக பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, காயவைத்தார்கள். பெரிய பொதுத் தொட்டி அன்றோடு போயிற்று. தட்டுக்கு ஒரு தனித் தொட்டி. மிஞ்சும் நீர் அடுத்த தட்டுக்குப் போகாது, வெளியே நிலத்தில் நிற்கும் மரத்துக்குப் போகும். தொட்டியில் ஊற்றும் நீரும் அளந்தே: ஒரு தட்டு குடிக்கக்கூடிய அரை லிட்டருக்குச் சற்றுக் கூட. மறந்தாலும் தட்டு அதைக் குடித்து முடித்துவிடும், இரவெல்லாம் மூழ்கி நிற்காது. கடிகார மணியை வைத்துப் பார்த்தோம், உதவியது. ஆனால் நீரை அளந்து ஊற்றியதுதான் உண்மையான காப்பு.

பெரிய கண்ணாடிக் கூடங்களில் இதையே இயந்திரத்தால் செய்கிறார்கள். மேசையில் சில சென்டிமீட்டர் நீர் ஏறும், பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கும், வடிந்து தொட்டிக்குத் திரும்பும். அந்த நீரைத் திரும்பப் பயன்படுத்தும் இடங்களில் மணல் வடிகட்டியோ புற ஊதா விளக்கோ வைத்திருப்பது வெறும் ஆடம்பரத்துக்காக அல்ல.

அலமாரித் தொட்டிகள்

நாற்றில் கிடைத்த பலனைப் பார்த்து தொட்டிச் செடிகளையும் இதே முறைக்கு மாற்றினார் அக்கா. இங்கே பலன் செடிக்குச் செடி வேறுபட்டது.

ஆப்பிரிக்க வயலட் இதற்கென்றே பிறந்த செடி. இலையை விடக் குளிர்ந்த நீர் அதன் மேல் பட்டால் வெளிறிய திட்டு விழும், பிறகு மறையாது. அடிநீரில் அந்தத் திட்டு வருவது நின்றது. சைக்ளமனின் கிழங்குத் தலை மண்ணுக்கு வெளியே தெரியும். அதன் நடுவில் நீர் தேங்கினால் அழுகும். அதற்கும் இந்த முறை பொருந்தியது. இலை குடையாக விரிந்து மண்ணை மூடிவிட்ட செடிகளிலும் அப்படியே. பூவாளி நீர் இலையில் வழிந்து தொட்டிக்கு வெளியேதான் விழுந்துகொண்டிருந்தது.

ஒரு தொட்டி மட்டும் எவ்வளவு நேரம் வைத்தாலும் நீரே எடுக்கவில்லை. தம்பி அதைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். அடிப்பாகம் உள்நோக்கிக் குழிந்திருந்தது, துளைகள் அந்தக் குழிவின் உச்சியில். நீரில் வைக்கும்போது குழிவில் காற்று மாட்டிக்கொள்கிறது. நீர் துளையை எட்டுவதே இல்லை. தொட்டியைச் சாய்த்து இறக்கியதும் குமிழிகள் புடைத்து வெளியேறின, சற்று நேரத்தில் மண் கறுத்தது. சின்ன விஷயம். ஆனால் "அடிநீர் என் செடிக்கு வேலை செய்யவில்லை" என்பவர்களில் சிலருக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மரப்பட்டைத் துண்டுகளில் வளர்ந்த ஆர்க்கிட்டுக்கு இது ஒத்துவரவில்லை. பெரிய இடைவெளிகளில் நீர் ஏறாது; மூழ்கிய துண்டு மட்டும் நனையும். உயரமான பெரிய தொட்டிகளையும் விட்டுவிடச் சொன்னேன். நீர் மேல்வரை ஏற வெகுநேரமாகும், அதற்குள் அடிவேர் ஊறிவிடும்; தூக்கி இறக்க முதுகும் வேண்டும். என் கணிப்பில் ஒரு சாண் உயரத்துக்கு உட்பட்ட, நுண்ணிய கலவையுள்ள தொட்டிதான் இந்த முறைக்கு ஏற்றது.

உப்பு

நாற்றுகள் நடவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அலமாரித் தொட்டிகளின் மேல்மண்ணில் வெள்ளைப் பொருக்கு தென்பட்டது. சுட்டமண் தொட்டிகளின் விளிம்பிலும் அதே வெள்ளை.

இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். நீர் அடியிலிருந்து ஏறி மேலே ஆவியாகிறது. அதில் கரைந்திருந்த உரமும் நீரின் சொந்த உப்பும் ஆவியாகாது, மேலேயே தங்கும். மேலிருந்து ஊற்றும்போது மிச்ச உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துளை வழியே வெளியேற்றிக்கொண்டிருந்தோம். இந்த முறையில் அந்த வெளியேற்றம் இல்லை. போதாக்குறைக்கு உரத்தை முன்பு கொடுத்த அளவிலேயே கொடுத்து வந்தார்கள்.

பொருக்கு அங்கேயே கிடந்தவரை செடிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே உப்பு சேரும் அடுக்கில் உறிஞ்சும் வேர் குறைவு. விபரீதம் நல்லெண்ணத்தில் வந்தது. ஒரு வெயில் மதியம், மேல்மண் காய்ந்து வெளுத்திருப்பதைப் பார்த்த ஒருவர், பாவம் என்று ஒவ்வொரு தொட்டிக்கும் மேலே ஒரு குவளை நீர் ஊற்றிவிட்டுப் போனார். அந்த நீர் உப்பைக் கரைத்தது, வெளியேற்றப் போதவில்லை. உப்பு அப்படியே வேர் இருக்கும் இடத்துக்கு இறங்கியது. சில நாளில் பெரணியின் இலை நுனிகள் கருகின, வயலட்டின் நடுக்குருத்து இறுகி நின்றது.

ஒரு பங்கு கலவைக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் சேர்த்துக் கலக்கி, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் பேனா வடிவ மின்கடத்துத்திறன் மானியால் பார்த்தோம். மேல்நீர் படாத ஒரு தொட்டியில் மேல் அடுக்கின் அளவு அடி அடுக்கைவிடப் பல மடங்கு கூடுதல். குவளை நீர் விழுந்த தொட்டிகளில் நடு அடுக்கும் உயர்ந்திருந்தது. எது நடந்தது என்பதில் அதன்பிறகு சந்தேகம் இருக்கவில்லை.

மேலே ஒரு சென்டிமீட்டர் கலவையைப் பொருக்கோடு சுரண்டி எடுத்துப் புதிதாக இட்டோம். பிறகு தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நீரை மேலிருந்து மெதுவாக, விட்டுவிட்டு ஊற்றி, முழுக்க வடியவிட்டோம். வடிந்த நீரைத் தட்டத்தில் நிற்கவிடவில்லை. விட்டால் தொட்டி அந்த உப்பைத் திரும்பவும் குடித்துவிடும். உரம் பாதியாகக் குறைந்தது. இனி நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை இப்படி மேலிருந்து அலசுவது என்று அக்கா நாட்காட்டியில் குறித்துக்கொண்டார். வயலட் மீண்டது. பெரணியில் கருகிய இலைகளை வெட்ட வேண்டியிருந்தது, புதுத் துளிர் சுத்தமாக வந்தது.

நாற்றுத் தட்டுக்கு இந்த அலசல் தேவைப்படவில்லை. அதன் வாழ்வே சில வாரம். உப்பு சேர்வதற்குள் நடவுக்குப் போய்விடும்.

பருவ முடிவில்

கடைசிச் சுற்று விதைப்பில் நாற்றழுகலால் காலியானது தட்டுக்கு ஓரிரு குழிகள் மட்டும். ஆனால் இதை அடிநீரின் வெற்றி என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான். அதே காலத்தில் தட்டுகளைச் சுத்தம் செய்தார்கள், ஒரு விசிறி வைத்தார்கள், விதையை நெருக்காமல் போட்டார்கள்.

பூவாளியிலேயே விட்டுவைத்த தட்டுகளைக் கேட்டால் இன்னும் தெளிவாகும். எடை பார்த்து நீர் விட்டதால் அவற்றிலும் தக்காளி, மிளகாய் நாற்றுகள் நன்றாகவே நின்றன. தோற்றது பெட்டூனியாவும், ஒருமுறை காய்ந்து நீரைத் தள்ளத் தொடங்கிய தட்டுகளும்தான். ஆக, நாற்றைப் பிழைக்கவைத்ததில் பெரும்பங்கு தினசரிச் சுற்றை நிறுத்தியதற்கு. நீர் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கு அடுத்த இடம்தான். அடிநீரில் மேல்மண் காய்ந்து நிற்பதும் கட்டி சீராக நனைவதும் எளிதாயின. தட்டை நேரத்துக்கு எடுக்காவிட்டால் அந்த நன்மை முழுக்கப் பறிபோயிற்று.

வேலை நேரம் கூடியது. பூவாளியோடு ஒரு சுற்று நடந்தால் முடிந்த வேலைக்கு, இப்போது இறக்கி, காத்திருந்து, தூக்கி, வடித்து வைக்க வேண்டும். தினமும் செய்ய வேண்டியதில்லை என்பதால் ஓரளவு ஈடாகிறது. தட்டுகளின் எண்ணிக்கை இன்னும் பெருகினால் கையால் கட்டாது.

அடுத்த பருவத்தில் மாறுபவை

எல்லாத் தட்டையும் அடிநீருக்குக் கொண்டுவரும் எண்ணத்தைக் கைவிட்டார்கள். பெட்டூனியா, லெட்டூஸ் போன்ற நுண்விதைகளும், வயலட், சைக்ளமன் தொட்டிகளும் அடிநீரில் தொடரும். தக்காளி, மிளகாய், கத்தரி முதல் இரண்டு உண்மை இலை (வித்திலைக்குப் பிறகு வருபவை) விடும்வரை அடிநீர், அப்புறம் எடை பார்த்துப் பூவாளி. நடவுக்கு முந்தைய நாட்களில் மேலிருந்து கொடுப்பது, வெளியே மழையும் காற்றும் பார்க்கப்போகும் தண்டுக்கும் நல்லது என்பது அக்காவின் கருத்து. அதை மறுக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

கலவையில் பீட்டின் பங்கைக் குறைத்து நார்க்கழிவைக் கூட்டுகிறார்கள். காய்ந்தாலும் மறுபடி நீரை எளிதில் ஏற்பது நார்க்கழிவுதான். நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கக்கூடும் என்பதால், கழுவாத கட்டி வந்தால் ஊறவைத்து அலசி, மானியில் பார்த்த பிறகே கலப்பார்கள். உள்குழிவு அடி கொண்ட தொட்டிகளுக்கு அடிப்பக்கச் சுவரில் கூடுதல் துளை போட்டாகிவிட்டது.

அலமாரியில் அடிநீர் பெறும் தொட்டிகளில் தம்பி நீல நிற அட்டை செருகியிருக்கிறார். மேல்மண் காய்ந்திருந்தாலும் அதற்கு மேலிருந்து ஊற்றக்கூடாது என்று வருபவர்களுக்குச் சொல்லியாயிற்று.